தம்பிக்கு வந்த கடிதங்கள்

காஞ்சிபுரத்தில் தறி ஓடும் தெருக்களுக்கு ஒரு காலத்தில் இரண்டு வகைக் கடிதங்கள் வந்தன. ஒன்று, தபால்காரர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவது. மற்றொன்று, அச்சாகி எல்லோருக்குமாக வருவது. அது ‘தம்பி’ என்று அழைத்துத் தொடங்கும். முடிவில் ‘அண்ணன், அண்ணாதுரை’ என்றிருக்கும். 1955இல் ‘திராவிட நாடு’ இதழில் தொடங்கிய அந்தக் கடிதங்கள் பின்னர் ‘காஞ்சி’ இதழில் தொடர்ந்து 1969 பொங்கல் வரை வந்தன. நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவன். இப்போது எண்பதைத் தொட்டுவிட்டேன். அவற்றை உரக்கப் படித்துக் காட்டும் வேலை சிறுவயதில் எனக்கு வாய்த்தது. திராவிட இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையைச் சொல்கிறார்கள், நாடகத்தையும் சினிமாவையும் சொல்கிறார்கள். ஆனால் எங்கெங்கோ கிடந்தவர்களை ஒரே வீட்டு மனிதர்களாக்கியது இந்தக் கடிதப் பழக்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணா எங்கள் ஊர்க்காரர். 1909 செப்டம்பர் 15இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே பச்சையப்பன் பள்ளியில் படித்தார், நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தார், அதன் பிறகே சென்னைக்குப் போய் பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். 1942 மார்ச் 8இல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கியபோது சென்னையைத் தேடிப் போகாமல் காஞ்சிபுரத்திலிருந்தே நடத்தினார். ‘ரங்கோன் ராதா’ தொடர்கதையாக வந்தது அதில்தான்.

வீட்டுச் செய்தியைப் பத்திரிகையில் போடும் வழக்கம் அவருக்கு முன்பே இயக்கத்தில் இருந்தது. ஈரோட்டிலிருந்து 1925இல் வரத் தொடங்கிய ‘குடி அரசு’, எந்த ஊரில் யார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது என்று செய்தி வெளியிட்டது. ‘விடுதலை’யில் பிள்ளை பிறந்த மகிழ்ச்சிக்கும் பெற்றோர் நினைவு நாளுக்கும் நன்கொடை கொடுத்தவர் பெயர்கள் அச்சாகும். வெளியார் இதை விளம்பர ஆசை என்று நினைக்கலாம். புரோகிதர் இல்லாமல், தாலி இல்லாமல் ஒருவர் மகளுக்கு மணம் முடித்தால் பங்காளிகள் பந்தலுக்கு வரமாட்டார்கள். மாமன் சீர் வராது. அப்படி வராமல் போன உறவின் இடத்தில் வந்து நின்றவர்கள், பத்திரிகையைப் படித்துவிட்டு முகம் தெரியாத ஊரிலிருந்து வாழ்த்து எழுதியவர்கள்தான்.

அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் ஒப்புதலும் நெடுங்காலம் கிடையாது. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. என் பெரியக்காவின் திருமணச் செய்தி நாலே வரி. அம்மா அதை வெட்டி எடுத்து டிரங்குப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

நான் படித்துக் காட்டிய இடம் எங்கள் தெருமுனையில் இருந்த படிப்பகம். கீற்றுக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு அரிக்கேன் விளக்கு. அந்த நாளில் ஊருக்கு ஊர் இப்படிப் படிப்பகங்கள் இருந்தன. அவை இல்லாத தெருவில் சலூன்காரரோ டீக்கடைக்காரரோ இதழ் வாங்கிப் போடுவார். எங்கள் தெருவில் பெரியவர்கள் பலர் கையெழுத்துப் போடும் அளவுக்கே படித்தவர்கள். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும்: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால், கரை நாடாவைப் பக்கத்திலிருந்து தள்ள ஒரு பையன் உட்கார வேண்டும். அப்பா தறிக்குழியில், நான் பக்கத்தில். வெளிச்சம் மங்கித் தறி நின்றதும் படிப்பகம் போவோம். அமாவாசையன்று தறி ஓடாது. அன்று பழைய இதழ்களையும் எடுத்துக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்வார்கள்.

அந்தக் கடிதங்களில் அரசியல் இருந்தது, வரலாறு இருந்தது, உலக நடப்பு இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் மறக்காமல் வைத்துக்கொண்டவை சிறைக் கடிதங்கள். இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து அரசியல் சட்டத்தின் பதினேழாவது பகுதியைக் கொளுத்தும் போராட்டத்துக்குப் புறப்பட்ட அண்ணாவை 1963 நவம்பரில் கைது செய்தார்கள். ஆறு மாதத் தண்டனை. அந்தச் சிறை நாட்களைப் பிறகு ‘காஞ்சி’யில் தம்பிக்கு எழுதினார், ‘கைதி எண் 6342’ என்று இன்று புத்தகமாகக் கிடைக்கிறது. எந்த நாளில் எந்தத் தோழர் வந்து சேர்ந்தார், என்ன புத்தகம் படித்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு எழுதுகிறவர் போல நாள்வாரியாக எழுதியிருப்பார். என் அம்மாவுக்கு அரசியல் சட்டத்தின் பதினேழாவது பகுதி என்னவென்று தெரியாது. நான் படித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளே என்ன சாப்பாடு போடறாங்களாம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை இருக்கும்படி ஒரு தலைவர் எழுதினார். எங்கள் வீட்டுப் பெண்கள் கட்சிக்குள் வந்தது அந்த வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன்.

அச்சான கடிதம் படித்தவரோடு நின்றுவிடவில்லை. 1956 மே மாதம் திருச்சியில் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு நடந்தது. தேர்தலில் போட்டியிடலாமா வேண்டாமா என்று வந்தவர்களிடமே வாக்குப் பெட்டி வைத்துக் கேட்ட மாநாடு அது. அங்கே அப்பாவுக்குப் பந்தலில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கோலார் தங்கவயலில் வேலை செய்த ஒரு தொழிலாளி. இருவரும் முகவரி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் இறக்கும் வரை இன்லண்ட் கடிதம் ஓயவில்லை. அப்பா சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அங்கே அவருடைய மகள் எழுதினாள்.

அந்தக் கடிதங்களில் கட்சி முதல் இரண்டு வரியில் முடிந்துவிடும். ‘தோழருக்கு வணக்கம், அண்ணாவின் கடிதம் பார்த்தோம்’ என்று தொடங்கி, உடனே சின்னவனுக்கு அம்மை போட்டிருப்பதற்கு வந்துவிடுவார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போகும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடிமட்டத்தில் பாறை எப்படிச் சுடும் என்று அவர் எழுதித்தான் எங்கள் தெருவுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் பாவு காயாமல், குழியில் தண்ணீர் ஊறி, நாள் கணக்கில் தறி நிற்பதை நாங்கள் எழுதி அவர்களுக்குத் தெரியும். மகளுக்குக் கல்யாணம், நீங்கள் நெய்யும் சேலையில் ஒன்று வேண்டும் என்று அவர் ஒருமுறை எழுதினார். அப்பா இதற்கு நீண்ட பதில் எழுதச் சொன்னார்: தறியில் இருக்கும் சேலை நம்முடையது இல்லை தோழரே, பட்டும் ஜரிகையும் கொடுத்த முதலாளியுடையது, நமக்குக் கூலிதான், கூட்டுறவுச் சங்கத்தில் நியாய விலைக்கு எடுத்து அனுப்புகிறேன். அப்படியே அனுப்பினார். சேலைக்குள் மடித்து வைத்தது அந்த வாரத்து ‘திராவிட நாடு’.

சித்தப்பா பம்பாயில் பரேல் மில் ஒன்றில் இருந்தார். தாராவியில் அவர் தங்கியிருந்த அறைக்கு இதழ் பிந்திப் போகும். சில வாரம் போகவே போகாது. நாங்கள் படித்து முடித்ததைச் சுருட்டி, தாள் சுற்றி, தபாலில் போடுவோம். ஓரத்தில் இருக்கும் வெள்ளை இடத்தில் பாட்டியின் மூட்டுவலி, எருமை ஈன்றது, கருடசேவைக்குக் கூட்டம் எப்படி என்று பென்சிலால் எழுதியிருப்போம். சாமி இல்லை என்ற வீட்டிலும் வரதராஜர் வைகாசி கருடசேவைக்குக் குடை வந்ததா என்ற விசாரிப்பு இருந்தது. ஊர் அது. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பேரன் பெங்களூரில் இருக்கிறான். லிவர்பூல் கால்பந்து அணிக்காக உயிரை விடுவான். அந்த ஊரை அவன் பார்த்ததில்லை. கேரளத்திலும் மலேசியாவிலும் அயர்லாந்திலும் அவனைப் போன்ற சிநேகிதர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பேசத் தொடங்குவார்கள்; கோலைப் பற்றிய பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு ஒருவனுக்கு வேலை போனது, ஒருவனுடைய அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. அவன் அம்மா இதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறாள். எனக்கு ஆச்சரியமில்லை. ஒரே பக்கம் நிற்கிறோம் என்பது நிச்சயமாகிவிட்ட பிறகு, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; வீட்டைப் பற்றிப் பேசலாம். தங்கவயல்காரரும் அப்பாவும் செய்தது அதுதான்.

தோல்வி வந்தபோது இந்தக் கடித உறவின் பலம் தெரிந்தது. 1957இல் காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணா, 1962இல் இதே ஊரில் காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். கட்சி 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு உயர்ந்த தேர்தல் அது. வளர்ந்த கட்சிக்காரர்கள் நாங்கள், ஆனாலும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அண்ணா பிறந்த ஊர், நெசவாளர் ஊர், அவரைக் கைவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். தங்கவயலிலிருந்து வந்த கடிதத்தில் ஏச்சு இல்லை. சாவு வீட்டுக்கு எழுதுவது போல எழுதியிருந்தார்: எல்லோரும் சாப்பிட்டீர்களா, அம்மா எப்படி இருக்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

நெசவாளர் என்ற முறையில் எங்களுக்கு அண்ணாவிடம் இன்னொரு கடனும் இருந்தது. 1953 தொடக்கத்தில், கைத்தறி விற்காமல் நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, அவர் திருச்சித் தெருக்களில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விற்றார். பிற ஊர்களில் மற்றத் தலைவர்கள் விற்றார்கள். அது நூல் துணிக்கான இயக்கம். பட்டுத் தறிக்கு நேரடியாகப் பலன் இல்லை. ஆனாலும் எங்கள் தெரு அதைத் தனக்குச் செய்ததாகவே எடுத்துக்கொண்டது.

1968 செப்டம்பரில் அவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நியூயார்க் போனார். திரும்பி வந்து, உடம்பு தேறாத நிலையிலும் டிசம்பர் 1இல் தமிழ்நாடு பெயர் மாற்ற விழாவில் பேசினார். பொங்கலுக்குக் ‘காஞ்சி’யில் கடைசிக் கடிதம் வந்தது. பிப்ரவரி 3இல் இறந்தார். அதற்குப் பிறகு கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று ‘முரசொலி’யில் பல்லாண்டுகள் எழுதினார். அதில் அன்றாட அரசியலுக்குப் பதிலடி அதிகம். வாதத்தில் அவருக்கு நிகர் இல்லை. படிப்பகத்தில் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வழக்கம் அதற்குள் மெல்லக் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் எழுத்து தெரிந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். அது நல்ல காரணம். தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு இன்றும் போக்குவரத்து உண்டு.

அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. தம்பிக்கு எழுதிய கடிதங்கள் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். தம்பிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை எங்கும் அச்சாகவில்லை. அவை பரண்களில் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருந்தவற்றில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய இன்லண்ட் கடிதக் கட்டோ, ஓரத்தில் பென்சில் எழுத்துள்ள ‘திராவிட நாடு’ இதழோ இருந்தால், எடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாப்பது அவர்கள் பணி. அவர்களைக் கேளுங்கள். அதற்கு முன் ஒருமுறை, வீட்டில் இருக்கும் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.