ரேகைப் பதிவேடும் வருகைப் பதிவேடும்

கூடலூரிலிருந்து கம்பம் வழியாக உத்தமபாளையம் வருவோர், ஊரை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அங்குள்ள வட்டெழுத்துகளில் அச்சணந்தி அடிகளின் பெயர் உண்டு. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் இத்தகைய கல்வெட்டுகள் உள்ளன. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவை பலவற்றின் செய்தி. துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல் கற்குமிடத்தின் பெயராக நிலைத்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அதே கீழக்குயில்குடிக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறமலைக் கள்ளர் சமூகத்தில் முதன்முதலாக 1914இல் பதியப்பட்டவர்கள் அவ்வூர் மக்களே. பின்னர் அச்சட்டம் கம்பம் பள்ளத்தாக்கு வரை விரிந்தது. ஆடவர் கைரேகை வைக்க வேண்டும்; இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும்; வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். பிறப்பே குற்றமாகக் கொள்ளப்பட்டது. பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர்.

அக்காலத்தில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்த் தொடக்கப்பள்ளிகள் தோன்றின. அவை அருளினால் பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. கண்காணிப்பின் மற்றொரு கை அவை. ஆயினும், தந்தையின் பெருவிரலை மையில் தோய்த்த அரசு, மகனின் கையில் பலப்பத்தையும் கொடுத்துவிட்டது. காவலர் குற்றத்தைத் தேடிய முகத்தில், நல்லாசிரியர் அறிவைத் தேடினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது; பள்ளிகள் நீங்கவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் ஏறத்தாழ 300 பள்ளிகள் அவ்வழி வந்தவை. பிற சமூகத்து ஏழைக் குழந்தைகளும் அவற்றில் பயில்கின்றனர்.

நால்வகைத் தானங்களில் அன்னம், ஔடதம், சாத்திரம் ஆகியவற்றோடு அபயத்தையும் நம் பெரியோர் சேர்த்து வைத்தனர். அஞ்சிய பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதற்கு இவ்வரலாற்றைவிட வேறு சான்று வேண்டுமா?

கூடலூரில் இன்று ரேகை வைக்கச் சொல்வார் இல்லை. ஆனால் விடியுமுன்னே தாய்மார் ஜீப்புகளில் ஏறி, குமுளி மலைக்கு அப்பால் ஏலத் தோட்ட வேலைக்குப் போய்விடுகின்றனர். மூத்த பிள்ளை தானே எழுந்து, தம்பியையும் எழுப்பிக் கிளம்புகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலமெங்கும் அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் இத்தகைய இல்லங்களுக்கே மிகவும் பொருளுடையது. இப்பிள்ளையின் திறம் மதிப்பெண்ணில் முதலில் தெரியாது. கடையில் மீதிச் சில்லறையைப் பிழையின்றிக் கேட்டு வாங்குவதில் தெரியும். தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில் தெரியும். அதனை நாள்தோறும் காணும் வாய்ப்பு வகுப்பாசிரியருக்கே உண்டு.

அறக்கட்டளைகளாகிய நாமோ பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கண்ட பின்னரே உதவித்தொகை வழங்குகிறோம். இடையில் நின்றுவிட்ட குழந்தை நம் வாயிலுக்கு வருவதே இல்லை. அத்தொகையில் ஒரு பங்கையேனும் மூன்றாம் வகுப்புக்குத் திருப்பலாம். விண்ணப்பம் கேட்பதற்கு மாறாக, தலைமையாசிரியரிடம் சென்று பெயர் கேட்கலாம். உத்தமபாளையத்துப் பாறையைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பங்கள், அன்று ஒரு மணி நேரம் அருகிலுள்ள தொடக்கப்பள்ளியிலும் செலவிட்டால் அப்பெயர்கள் கிடைத்துவிடும்.