யட்சன் கேட்டதும் கிரேக்கர் கேட்டதும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களுக்குக் குறைவில்லை. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை மூலக்கோயிலாகவே பலரும் சொல்வார்கள். திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. அந்தப் பாரதத்தில் வருவது நச்சுப்பொய்கைக் கதை. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார் அதற்கொரு சருக்கம் ஒதுக்கியும் கேள்விகளைச் சுருக்கிவிட்டார். வியாசர் பாரதத்தில் பொய்கையைக் காக்கும் யட்சனோ, விடை சொல்லாமல் நீர் குடித்த நான்கு தம்பிகளும் மடிந்தபின், தருமனிடம் ஓயாமல் கேட்கிறான். காற்றைவிட விரைவானது எது? தூங்கும்போதும் கண் மூடாதது எது? பிறந்தும் அசையாதது எது? தருமன் திணறவில்லை: மனம், மீன், முட்டை.

கிரேக்கர்களும் இப்படிக் கேள்விகளை அடுக்கினார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘புராப்ளமாட்டா’ 38 பகுதிகளில் ஏறத்தாழ 900 கேள்விகள் கொண்டது. அவர் மட்டும் எழுதியதல்ல. அவர் வழிவந்தவர்கள் கைபட்டு வளர்ந்த தொகுப்பு. ஒருவர் கொட்டாவி விட்டால் எதிரே இருப்பவருக்கும் ஏன் வருகிறது? தன்னைத்தானே ஏன் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை? பதிலும் ‘இதனாலோ, அல்லது அதனாலோ’ என்று கேள்வியாகவே நிற்கும்.

யட்சனுக்கு விடை தெரியும். அவன் நடத்துவது தேர்வு. கரையில் நான்கு தம்பிகள் பிணமாகக் கிடக்கிறார்கள். கிரேக்கர் தெரியாமல் கேட்கிறார்கள், தவறினாலும் உயிர் போகாது. ‘மீன்’ என்றதும் யட்சன் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான். அரிஸ்டாட்டிலோ வேறொரு நூலில் அந்த மீனிடமே நிற்கிறார்: அதற்கு இமை ஏன் இல்லை? கண்ணில் வந்து மோதும் பொருள்கள் காற்றைவிடத் தண்ணீரில் குறைவு, அதனால் காவல் தேவைப்படவில்லை என்கிறார்.

‘புராப்ளமாட்டா’வின் கடல் பற்றிய பகுதியில், மேல்நீர் அடிநீரைவிட ஏன் உப்பாக இருக்கிறது என்றொரு கேள்வி. இலேசான நல்ல நீரை வெயில் இழுத்துக்கொள்வதாலோ என்கிறது பதில். எல்லாக் கடலுக்கும் இது பொருந்தாது. ஆனால் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுப்போவது மெய்தான். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு வாருகிறவர்களின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. பாதி தவறிய இந்தப் பதிலையே நான் பெரிதாக மதிப்பேன். மீதியைத் திருத்த அதில் இடமிருக்கிறது.

யட்சனைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. அவன் கேட்பது விடுகதை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடுத்த ஊரில் போய்ச் சொல்லிவிடுவார். ‘இதனாலோ, அதனாலோ’ என்று இழுக்கும் கிரேக்கப் பதிலுக்கோ ஏடு வேண்டும், எழுதுகிறவர் வேண்டும், படித்து மறுக்க நாலு பேர் வேண்டும்.