பின்னுக்கு நிண்டவன்: லூகாஸ் ரடேபே

தென்னாபிரிக்காவுக்காக 70 ஆட்டம். அடிச்சது ரெண்டே ரெண்டு கோல். இப்பிடி ஒருத்தனைப் பற்றி ஏன் எழுத வேணும் எண்டு நீங்க கேட்கலாம். வெபர் மைதானத்தில மட்ச் முடிஞ்சு தேத்தண்ணிக் கடையில குந்தினாலும் நாங்க கதைக்கிறது கோல் போட்டவனைப் பற்றித்தானே. தடுத்தவன் பாவம், சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சிக்கொண்டு தனியா வீட்ட போவான்.

லூகாஸ் ரடேபே 1969இல் சொவேட்டோவின் டீப்குளூஃப் பகுதியில் பிறந்தவர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். 1976 ஜூன் 16இல் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியபோது அவருக்கு ஏழு வயது. அந்தப் போராட்டம் எதற்கு? பள்ளிக்கூடத்தில் ஆபிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று அரசு திணித்ததற்கு எதிராக. மொழியில் தொடங்கித் துவக்குச் சூட்டில் முடிந்த கதை. 1956ஐ அறிந்த எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எண்பதுகளில் நகரம் இன்னும் கொதித்தது. பொடியன் ஏதும் வம்பில் மாட்டுவான் என்று பயந்து, பதினைந்து வயதில் பெற்றோர் அவரைப் பொபுதட்ஸ்வானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுப்பர்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிய 'தாயகங்களில்' அதுவும் ஒன்று. இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். படுவான்கரையில் இருந்து எத்தனை அம்மாமார் இப்பிடித்தான் பெடியன்களை வாவி தாண்டி ரவுனுக்கும், கொழும்புக்கும், கடல் தாண்டியும் அனுப்பினார்கள்! பிள்ளை படிக்கட்டும் என்பதற்காக மட்டும் இல்லை, உயிரோட இருக்கட்டும் என்பதற்காக.

போன இடத்தில் பொழுதுபோக்கத் தொடங்கியதுதான் உதைபந்து. அதுவும் கோல் கீப்பராக! 1989இல் கைசர் சீஃப்ஸ் கழகத்தில் சேர்ந்த பிறகுதான் நடுக்களத்துக்கும், அங்கிருந்து பின்களத்துக்கும் வந்தார். 1991இல் டீப்குளூஃபில் காரில் போய்க்கொண்டிருக்கும்போது முதுகில் வெடி விழுந்தது. குண்டு முக்கியமான உறுப்பு எதையும் தொடாமல் தொடை வழியாக வெளியே போனது. சுட்டது யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தக் காலத்தில் தென்னாபிரிக்காவுக்குச் சர்வதேச ஆட்டமே கிடையாது. நிறவெறிக்காக ஃபிஃபா 1961இல் அந்த நாட்டை இடைநிறுத்தி, 1976இல் வெளியேற்றியிருந்தது. விளையாட்டுப் புறக்கணிப்பை உலகம் முழுக்கத் திரிந்து வலுப்படுத்தியவர்களில் டர்பன்காரர் சாம் ராம்சாமியும் ஒருவர். பெயரைக் கேட்டாலே எங்கட ஆக்கள் வாசம் வருது, இல்லையா? 1992இல் தடை நீங்கியதும் முதல் ஆட்டம் கமரூனுடன், அதே டர்பனில். ரடேபேயின் முதல் ஆட்டமும் அதுதான்.

1994இல் லீட்ஸ் யுனைட்டட் அவரை வாங்கியது, இரண்டரை இலட்சம் பவுணுக்கு. முன்கள வீரர் ஃபில் மசிங்காவுக்குத் துணையாகத்தான் கூட்டிவந்தார்கள் என்று சொல்வார்கள். துணைக்கு வந்தவர் பிறகு அணித்தலைவர் ஆனார், பதினொரு வருசம் அங்கேயே இருந்தார். பெரிய கழகங்கள் கண் வைத்த காலத்திலும் விட்டுப் போகவில்லை.

எனக்குப் பிடித்தது 1996 ஏப்ரல், ஓல்ட் ட்ரஃபோர்ட். மன்செஸ்டர் யுனைட்டடுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லீட்ஸ் கோல் கீப்பர் பீனிக்குச் சிவப்பு அட்டை. மாற்றுக் கீப்பர் இல்லை. கையுறையை மாட்டியது ரடேபே. கன்டோனா, கிக்ஸ் எல்லாரும் விளையாடிய அணிக்கு ஒரேயொரு கோல்தான் கிடைத்தது, அதுவும் ரோய் கீன் கடைசிப் பகுதியில் அடித்தது. சின்ன வயசுப் பழக்கம் வீண்போகவில்லை.

அதே வருசம் பெப்ரவரியில், நீண்டநாள் காயத்திலிருந்து தேறி வந்து, துனிசியாவை 2-0 என்று வென்று ஆபிரிக்கக் கிண்ணம் எடுத்த அணியில் இருந்தார். 2001இல் மண்டேலா லீட்ஸ் நகருக்கு வந்தபோது இவர்தான் தன் நாயகன் என்று சொன்னார்.

அந்த ரெண்டு கோலில் ஒண்டு 2002 உலகக் கிண்ணத்தில். ஸ்பெயினுக்கு எதிராகத் தலையால் அடித்து 2-2 ஆக்கினார். மூன்றே நிமிசத்தில் ராவுல் திருப்பி அடித்தார், 3-2. பராகுவேயும் தென்னாபிரிக்காவும் ஒரே புள்ளி, கோல் வித்தியாசமும் ஒன்று. பராகுவே அடித்தது 6, இவர்கள் 5. அடுத்த சுற்றுக்குப் பராகுவே போனது.