பங்குனி ஆமையும் பள்ளிப் பிள்ளைகளும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எங்களுக்கு வாய்த்ததோ படப்புத்தகம்தான். பிரான்ஸ் நாட்டு முள்ளெலியைப் பற்றி மனப்பாடமாக ஒப்பிப்போம். நம் கடற்கரைக்கு வந்து முட்டையிடும் ஆமையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அந்தப் பாடத்தை முறையாக நடத்தியவர்கள் சென்னை மாணவர்கள் என்பதைக் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகே அறிந்தேன்.

1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணை ராமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலானோர் இரவில் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினார்கள். முட்டைகளைத் தோண்டி விற்பது அன்று சாதாரணம். மிஞ்சியதை நாய்கள் தின்றுவிடும். (நம் வடநெம்மேலி முதலைப் பண்ணையை 1976இல் தொடங்கியவரும் இதே விட்டேக்கர்தான்.) பின்னர் சில ஆண்டுகள் அரசுத் துறைகள் குஞ்சு பொரிப்பகம் நடத்தின. அது நின்றுபோகவே, 1988இல் மாணவர்களே ஓர் அமைப்பாகக் கூடி வேலையை எடுத்துக்கொண்டார்கள். கோப்பு மூடினால் காரியம் முடிந்தது என்று பழகிய எனக்கு இது பெரிய வியப்பு.

ஜனவரி முதல் மார்ச் வரை, நள்ளிரவுக்கு மேல், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடை. பள்ளிப் பிள்ளைகளும் கூட வருவார்கள். டார்ச் அடிக்கக் கூடாது. மணலில் ஆமை ஊர்ந்த தடம் தெரிந்தால், ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். குச்சி சட்டென்று இறங்கும் இடத்தில் கூடு. பிங்பாங் பந்து போன்ற முட்டைகள், நூறுக்குக் குறையாமலும் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தால், ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வெளிவரும். வெளிச்சமான பக்கம் போவது குஞ்சின் இயல்பு. முன்பு கடல்தான் வெளிச்சம், இப்போது தெருவிளக்கு. இதை வகுப்பறையில் பத்துமுறை சொன்னாலும் ஏறாது. தெருப்பக்கம் திரும்பும் ஒரு குஞ்சைப் பார்த்த பிள்ளை மறக்காது.

கரையில் காப்பது மட்டும் போதவில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. இழுவை வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. அந்தப் பிணங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் சிலர் ஒப்பவில்லை.

பொரித்த குஞ்சுகளை மாலை வேளையில் பெசன்ட் நகர்க் கரையில் கடலுக்குள் விடுவார்கள். முழங்கால் வலிக்காரர்களும் பேரப் பிள்ளைகளோடு போகலாம். ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.