தீப்பொறி முந்தினால்? பிந்தினால்?

புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய பகுதியில் நடந்தால் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி என்று பிரெஞ்சுப் பெயர்கள் இன்றும் தெருமுனைகளில் தென்படும். ஆனால், பிரெஞ்சு மொழி உலகிற்குத் தந்த வேறு சில சொற்கள் புதுச்சேரியின் எல்லைக்கு வெளியேயும் வழங்குகின்றன. மோட்டார் வண்டி நிறுத்தும் 'காரேஜ்', வண்டியோட்டியைக் குறிக்கும் 'ஷோபர்' ஆகிய இரண்டும் பிரெஞ்சுச் சொற்களே. 'ஷோபர்' என்பதற்குச் 'சூடேற்றுபவர்' என்பது பொருள். நீராவி எஞ்சினுக்குத் தீ மூட்டியவரின் பெயர், பின்னர் மோட்டார் ஓட்டுநரின் பெயராயிற்று.

பெயர் பொருத்தமானதுதான். பெட்ரோல் எஞ்சினிலும் உரிய நேரத்தில் தீ மூட்டுவது நெடுங்காலம் ஓட்டுநரின் பொறுப்பாகவே இருந்தது. அந்த நேரக் கணக்கு தவறினால் பழைய லாரி ஏன் தொல்லை தருகிறது என்பதை, அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஏன் முன்கூட்டியே?

சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவியும் காற்றும் ஒரே நொடியில் வெடித்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தீப்பொறி தோன்றிய இடத்திலிருந்து தீ சிறுகச் சிறுகப் பரவுகிறது. இதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஆகும். இது மிகச் சிறிய நேரம்தானே என்று தள்ளிவிட முடியாது. நிமிடத்திற்கு 1500 முறை சுற்றும் கிராங்க் தண்டு, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 9 பாகை திரும்பிவிடுகிறது. தீ பரவ அத்தகைய மூன்று பங்கு நேரம் ஆகுமானால், தண்டு 27 பாகை திரும்பியிருக்கும்!

பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழிறங்கத் தொடங்கும் வேளையில் அழுத்தம் உச்சம் பெற வேண்டும். ஆகவே, பிஸ்டன் மேலேறிக் கொண்டிருக்கும்போதே தீப்பொறி தோன்றியாக வேண்டும். இவ்வாறு முந்துவதைத்தான் நம் மெக்கானிக்குகள் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். பிந்துவது 'ரிடார்டு'. வேகம் கூடினால் அட்வான்சும் கூட வேண்டும்.

நெம்புகோல் காலம்

1890-களின் மோட்டார் வண்டிகள் பலவற்றில் தீப்பொறியே கிடையாது. சிலிண்டரில் பொருத்திய சிறு குழாயை வெளியே ஒரு விளக்கினால் செந்தணலாகக் காய்ச்சினார்கள். அதன் வெப்பத்தில் ஆவி தீப்பற்றியது. பற்றும் நேரத்தை மாற்ற ஓட்டுநருக்கு வழியில்லை. எஞ்சின் வேகமும் கட்டுப்பட்டே கிடந்தது.

1895-இல் பாரிசின் தே தியோன்-பூத்தோன் நிறுவனத்தார் பாட்டரி, காயில் ஆகியவற்றோடு மின்தொடர்பைத் துண்டிக்கும் அமைப்பையும் கொண்டு தீப்பொறி தந்தார்கள். அவர்களுடைய சிறு எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றையும் தாண்டியது. தீப்பொறியின் நேரத்தை மாற்ற ஒரு நெம்புகோலும் வந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடலிலும் ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில் இத்தகைய நெம்புகோல் இருந்தது.

ஓட்டுநர் புறப்படும்போது அதைப் பிந்திய நிலையில் வைப்பார். வேகம் கூடக் கூட முந்தச் செய்வார். மேடேறும்போது எஞ்சின் தட்டினால் சற்றுக் குறைப்பார். மறந்து, முந்திய நிலையிலேயே கைப்பிடியைச் சுற்றிவிட்டாலோ, பிஸ்டன் உச்சியை அடையுமுன் தீ பரவிக் கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததன் அருமை இதிலிருந்து தெரியும்.

பின்னர் அந்த நெம்புகோலின் வேலையை டிஸ்ட்ரிபியூட்டரே ஏற்றது. அதனுள் சுழலும் இரு எடைகள் வேகம் கூடும்போது வெளியே விலகித் தீப்பொறியை முந்தச் செய்கின்றன. வேகம் குறைந்தால் வில்கருள்கள் அவற்றை உள்ளிழுக்கின்றன. எஞ்சின் குறைந்த பாரத்தில் ஓடும்போது, கார்புரேட்டர் பக்கத்து உறிஞ்சு விசை ஒரு மெல்லிய சவ்வை இழுத்து மேலும் சற்று முந்தச் செய்கிறது.

கரி வாயு கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மாவின் எண்ணெய் வயல்கள் கைவிட்டுப் போயின. பெட்ரோல் பஞ்சம் கடுமையாயிற்று. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்த 'காஸ் பிளான்ட்' போன்ற கருவிகளைச் சுமந்தபடி பஸ்களும் லாரிகளும் மரக்கரி வாயுவில் ஓடின.

கரியை அரைகுறையாக எரித்துப் பெறும் இந்த வாயுவில் எரியக்கூடியவை கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். ஏறத்தாழப் பாதியளவு எரியாத நைட்ரஜன்! ஆகவே, தீ மெதுவாகவே பரவும். பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கில் ஓட்டினால், ஏற்கெனவே குறைந்துபோன இழுவை மேலும் குறையும். தீப்பொறியை இன்னும் பல பாகை முந்த வைத்தாக வேண்டும். மறுபடி பெட்ரோல் ஊற்றும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரவும் வேண்டும். இல்லையேல் எஞ்சின் தட்டும். டைமிங் என்பது எஞ்சினுக்கு மட்டும் உரிய எண் அன்று. எரிபொருளையும் பொறுத்தது என்பதை அந்தக் காலம் உணர்த்தியது.

பழுதை அறியும் வரிசை

போருக்குப் பின் இராணுவம் கழித்து விற்ற செவர்லே, ஃபோர்டு பெட்ரோல் லாரிகள் நம் சாலைகளில் உழைத்தன. அத்தகைய எஞ்சினில் தீப்பொறி பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், பெட்ரோல் அதிகம் செலவாகும். முந்தினால் மேட்டில் 'டக்டக்' என்று தட்டும். நாளடைவில் பிஸ்டனே சேதமாகலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, மின்தொடர்பைத் துண்டிக்கும் பாயிண்ட். அதன் தேய்மானக் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறி பிந்தும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால், இதைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இந்த வரிசை தவறுவதால் வீணாகும் உழைப்பு அதிகம்.

அடுத்து, முதல் சிலிண்டரை அழுத்த வீச்சில் நிறுத்தி, அடையாளத்தைப் பார்க்க வேண்டும். பழைய செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஃபிளைவீலில் பதித்த ஓர் எஃகுக் குண்டே அடையாளம். உறையிலுள்ள சிறு துவாரத்தில் அது முள்ளுக்கு நேரே வரவேண்டும். பாயிண்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்தால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். குண்டு முள்ளருகே வரும் அதே கணத்தில் பல்பு எரியுமாறு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்க வேண்டும்.

இதற்குப் பின்னும் வேகம் எடுக்கவில்லையா? எடைகளும் வில்கருள்களும் துருப்பிடித்து அசையாமல் இருக்கலாம். புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இதை மறக்கக் கூடாது. சவ்வின் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள்: உள்ளே தட்டு நகராவிட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம்.

கவனித்தீர்களா? எடைகள் இறுகிய லாரி, வேகத்திற்கேற்பத் தீப்பொறியை முந்தச் செய்ய இயலாத பழங்காலத்திற்கே திரும்பிவிடுகிறது; நெம்புகோல் மட்டும் அதில் இல்லை. ஒவ்வோர் உறுப்பும் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று அறிந்தவருக்கு, அந்தக் குறை மீண்டும் தலைகாட்டும்போது எந்த உறுப்பைத் திறக்க வேண்டும் என்பதும் தெரியும்.

1954-இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் டீசல் லாரிகள் உருவாகத் தொடங்கின. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. எனினும், எரிபொருளை எந்தக் கணத்தில் பீச்சுவது என்ற அதே கேள்வி அங்கும் உண்டு. இன்றைய பெட்ரோல் கார்களில் எஞ்சின் தட்டுவதை ஒரு சிறு உணர்கருவி கேட்டறிந்து, கணினிக்குச் சொல்லித் தீப்பொறியைப் பிந்தச் செய்கிறது. மேடேறும்போது காதைத் தீட்டிக்கொண்டு நெம்புகோலைக் குறைத்த பழைய ஓட்டுநரும் இதையே செய்தார்.