மூச்சுக்கு மூன்றில் ஒரு பங்கு

நண்பரின் மகன் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். போன மாதம் லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். பசிபிக் கடலில் இருக்கும் பலாவு தீவுகளுக்குப் போகப் போகிறானாம். ஏழு இரவுகள் கப்பலிலேயே சாப்பாடு, தூக்கம். தினம் மூன்று நான்கு முறை சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் குதிக்க வேண்டியது. எந்த மாதம் கடல் அடங்கியிருக்கும், எத்தனை மீட்டர் ஆழம், சுறா வந்தால் என்ன செய்வது, இன்ஷூரன்ஸ் எவ்வளவு... எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தான்.

"எப்படி அங்கிள் பிளான்?" என்றான் பெருமையாக.

நல்ல பிளான்தான். ஆனால், இதே பட்டியலை நம் ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் பல நூறு வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்களே என்றேன். நம்பவில்லை. நீங்களும் நம்பாவிட்டால், வாருங்கள், மன்னார் வளைகுடாவுக்குப் போய்விட்டு வருவோம்.

முத்துக்குளிப்புக்குத் தமிழில் 'சலாபம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. 'எப்போது வேண்டுமானாலும் குதி, முத்தை எடு' என்கிற சமாசாரம் இல்லை இது. கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் இருக்கும். அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். சிப்பிகள் ஒட்டி வளர்வது அங்கேதான். நாலைந்து வயதானால்தான் சிப்பியில் சொல்லிக்கொள்ளும்படி முத்து இருக்கும். அதற்கு முன்னால் எடுத்தால் நஷ்டம். இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாமதித்தால் சிப்பியே செத்துப்போகும். அதாவது, 'பழம்' பறிக்கச் சரியாக ஒரு சீசன்தான்!

ஆகவே, பிரிட்டிஷ் ஆட்சியில் இதற்கென்றே இன்ஸ்பெக்டர் வைத்திருந்தார்கள். அவர் பார் பாராகப் போய், ஆட்களை மூழ்கவிட்டு, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளிடம் காட்டி விலை போடுவார். தேறும் என்று தெரிந்தால் அறிவிப்பு வரும். இன்ன தேதி, இன்ன இடம், இத்தனை படகு! பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்கு ஆரம்பிப்பதற்கு முந்தைய இடைவெளி அது.

அறிவிப்பு வந்ததும் பாய்மரத்தை ஏற்றிக் கிளம்பியவர்களில் முக்கியமானவர்கள் கீழக்கரைக்காரர்கள். வள்ளல் சீதக்காதியின் ஊர்தான். அந்த ஊர் முஸ்லிம் மூழ்காளர்களும், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்களும் வளைகுடாவைத் தாண்டி இலங்கைக் கரையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று போய் இறங்குவார்கள். நேற்றுவரை மணலும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் சில வாரத்துக்குள் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே முளைத்துவிடும். போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் உண்டு. சீசன் முடிந்தால் பழையபடி மணல்தான்.

நடுராத்திரிக்கு மேல் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கிளம்பும். விடியும்போது பாரில் இருக்கும். மூழ்குபவருக்கு இரண்டு கயிறுகள். ஒன்றின் நுனியில் பதினைந்து கிலோ அளவுக்குக் கல், இன்னொன்றில் கூடை. கல்லுக்கு மேலே உள்ள வளையத்தில் காலை நுழைத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, 'விடு' என்று சைகை காட்டினால் சர்ரென்று அடித்தளம். (அரபு தேசத்திலிருந்து வந்தவர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கிளிப் வைத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு விரலே போதும்.) ஒன்பது மீட்டரிலிருந்து பதினெட்டு மீட்டர் வரை ஆழம். கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கான மூச்சு. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை இழுத்தாக வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவர் அசந்தால்..? அதனால்தான் அந்த இடத்தில் நம்பிக்கையான ஆளைத்தான் நிறுத்துவார்கள்.

சுறா? அதற்கும் ஏற்பாடு உண்டு. 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு, பத்தில் ஒன்று ராஜாவுக்கு என்று கணக்கும் தருகிறார். பிறகு வந்த பிரிட்டிஷ்காரர்களும் கடல்கட்டியை விடவில்லை. அவர் கரைக்கு வராவிட்டால் ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்களே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பரம்பரை வேலையில் இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று எமர்சன் டென்னன்ட் எழுதுகிறார். பி.காம் படித்த எனக்கு இது இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்றுதான் தோன்றுகிறது. சுறாவால் விபத்து மிக அபூர்வம் என்பதால் கடல்கட்டிக்குக் 'கிளெய்ம்' தொல்லையும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பங்கு பிரிக்கும் முறை. மதியம் வேலை முடிந்து, கடல்காற்றில் திரும்பி வந்ததும், மூழ்கியவர்களே தங்கள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். மூன்றில் எந்த இரண்டு சர்க்காருக்கு என்பதை அதிகாரி சொல்வார். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று பிரிப்பவருக்கே தெரியாது. எப்படி ஏமாற்றுவது? இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, ஆடிட்டராக இருந்திருக்க வேண்டியவர்.

சர்க்கார் பங்கு அன்று சாயங்காலமே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். திறக்காத சிப்பி... உள்ளே ராஜா கழுத்துக்கு முத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இனி கொஞ்சம் கணக்கு. 1905 சலாபம் பிரமாண்டமானது. 318 படகுகள், ஏறக்குறைய 5,000 மூழ்காளர்கள், எட்டு கோடிக்கும் அதிகமான சிப்பிகள். இலங்கை சர்க்காருக்கு வந்தது சுமார் 25 லட்சம் ரூபாய். அதாவது ஆயிரம் சிப்பி கிட்டத்தட்ட 46 ரூபாய். ஒரு மூழ்காளர் சராசரியாக எடுத்தது பதினாறாயிரம் சிப்பி. அதில் சர்க்காருக்கு ஐந்நூறு ரூபாய். மூழ்கியவர் பக்கத்துக்கு, அதே விலை கிடைத்திருந்தால், இருநூற்றைம்பது. அதிலும் கயிறு பிடித்தவர், படகுக்காரர் என்று பங்காளிகள் உண்டு. சிப்பிக்குக் கடலுக்குள் போகாதவருக்கு இரண்டு பங்கு, போனவருக்கு ஒன்று! கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை மூழ்கவிட்டார்கள் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான் என்கிறீர்களா? சரி.

25 லட்சம் வந்தால் லண்டன் சும்மா இருக்குமா? இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

1891-க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் சலாபமே நடக்கவில்லை. கவலைப்பட்ட சர்க்கார் 1902-ல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஐந்து தொகுதி அறிக்கை தயாரானது. இளம் சிப்பிகளை இடம் மாற்றி நடலாம், நெருக்கத்தைக் கலைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள். 1903-லிருந்து வரிசையாகச் சலாபம். 'விஞ்ஞானம் வந்துவிட்டது, இனி வருடா வருடம் அறுவடைதான்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1906-ல் 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' என்ற கம்பெனி, வருடம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு, இருபது வருடக் குத்தகை எடுத்தது.

1905 வசூலைப் பார்த்துவிட்டு அந்த வாடகையைப் பாருங்கள். கொழுத்த பேரம்! நான் டைரக்டராக இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

1907-ல் ஒரு சலாபம் நடந்தது. அத்தோடு சரி. மறுவருடம் சிப்பி இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. வாடகை மீட்டர் மட்டும் ஓடியது. சில வருடங்களில் கம்பெனி கலைந்தது. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் எங்கு போய் ஒட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒட்டினாலும், ஒரு பருவக்காற்றில் மணல் வந்து மூடினால் பார் காலி. மிச்சத்தைத் திருக்கை தின்னும்.

கம்பெனிக்கு நஷ்டம் என்று ஏட்டில் இருக்கிறது. மார்ச் மாதத்து அறிவிப்புக்காகக் காத்திருந்த கீழக்கரை வீடுகளின் நஷ்டத்தை எந்த பேலன்ஸ் ஷீட்டில் தேடுவது? அவர்களுக்கு இன்னொரு தொழில் இருந்ததால் தப்பித்தார்கள். சங்கு. ராமநாதபுரம் கடலின் சங்குக்கு வங்காளத்தில் நிரந்தர கிராக்கி. அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் நம் கடலில் எடுத்த சங்கிலிருந்து அறுத்ததாக இருக்கலாம். ஹார்னெல்லும் பிறகு சென்னை மாகாண வேலைக்கு வந்து, 1914-ல் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

நம் கரையில் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்து எடுத்தார்கள். அதுதான் கடைசி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் ஒருவர் முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி 1960-ல் அறிக்கை கொடுத்தார். முதுகில் சிலிண்டர் மாட்டிய விஞ்ஞானிகளும் இறங்கிப் பார்த்தார்கள். ஆனால் சலாபம் திரும்பவில்லை. 1973-ல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்தை வளர்த்தே காட்டினார்கள். அது வேறு கதை.

நண்பரின் மகன் கடைசியாகக் கேட்டான்: "இப்ப யாராவது சிலிண்டர் இல்லாம அங்க குதிக்கிறாங்களா அங்கிள்?"

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் போய்ப் பாருங்கள். பெண்கள் குதிக்கிறார்கள், முத்துக்காக அல்ல, கடல்பாசிக்காக. கண்ணில் ஒரு கண்ணாடி, காலில் தாங்களே செய்த துடுப்பு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி. 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறையோடு இழுபறி வேறு. அவர்களும் பிளான் போட்டுத்தான் போகிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நாளை எண்ணி, நீரோட்டம் பார்த்து, படகுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு.