பதிவேட்டில் ஏறாத பெயர்

சித்தையன்கோட்டையிலிருந்து பெரியம்மா நர்ஸ் படிப்புக்குக் கிளம்பியபோது, "ராத்திரி ட்யூட்டி பார்க்கிற பொண்ணை யாரு கட்டுவா?" என்று கேட்டார்கள். பெட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியவர் அம்மாச்சி. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நான்கு மாணவிகளோடு செவிலியர் பள்ளி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய பயிற்சி, 1946இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. இடையில், சென்னை மாகாணத்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர், மருத்துவச்சிகளுக்குப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. வீட்டு வேலையாக, சாதித் தொழிலாகப் பார்க்கப்பட்ட பணிவிடை, சம்பளமுள்ள தொழிலானது.

ஆனால் விடுதி இன்னொரு வீடாகவே இருந்தது. நள்ளிரவில் ஒரு வார்டையே பெரியம்மாவை நம்பி விட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக வார்டனின் கையெழுத்தைக் கேட்டார்கள்.

முதல் விடுமுறையில் வந்தவர், தொப்புள்கொடி அறுக்கும் பிளேடைக் கொதிநீரில் போடச் சொல்லிக்கொடுத்தார். வலியில் துடிப்பவளிடம் எப்படிப் பேசுவது என்பதை அம்மாச்சியிடம் கற்றுக்கொண்டார். அதற்கு வகுப்பில் பாடம் இல்லையாம்.

பெரியம்மா இன்று ஓய்வூதியம் வாங்குகிறார். அம்மாச்சியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. செவிலியர் வரலாற்றைப் பள்ளிகளிலிருந்து மட்டும் தொடங்கினால், அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த கை விடுபட்டுப்போகும்.